கருமணலில் சிவப்பு பூட்ஸ்

6

"போட மாட்டேன்."

டனூட்டா பேனாவை மேசைமேல் வைக்கவில்லை, எறிந்தாள். அது சூப் கிண்ணங்களுக்கு நடுவே உருண்டு வந்து என் நோட்டுப் புத்தகத்தில் முட்டி நின்றது. மணி 1.14. 1.15 ஆகவும் இருக்கலாம். சுவர்க் கடிகாரத்துக்கும் என் கைக்கடிகாரத்துக்கும் ஒரு நிமிடம் வித்தியாசம்.

"யோசிச்சுப் பாரு டனூட்டா," என்றார் டெய்டூர். எங்கள் வாத்தியார். குரலில் தேன் வழிந்தது. "சங்கிலியைத் தாண்டினது நான்தான்னு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா, ஒரு வருஷம் கழிச்சு பரீட்சை எழுதலாம். போடலைன்னா வழிகாட்டி உரிமம் இந்த ஜென்மத்துல கிடையாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"செய்யாத தப்புக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப் போட மாட்டேன். திங்கக்கிழமை பரீட்சை. திங்கக்கிழமையே எழுதுவேன்."

"தேர்வு வாரியத்துக்கு உன் பேரை ஏற்கெனவே போன்ல சொல்லிட்டேன்மா."

"அப்ப மறுபடி போன் பண்ணி இல்லைன்னு சொல்லுங்க."

டனூட்டா, பிர்னா, லோவா, இங்கிமார், ஸ்டெய்ன்வோர், நான் என்று ஆறு பேர் அவரிடம் சுற்றுலா வழிகாட்டி மாலை வகுப்பு படிக்கிறோம். இன்று சனிக்கிழமை, கடைசிப் பாடத்துக்காக ராப்னவீக் கடற்கரைக்கு வந்திருந்தோம். எரிமலை துப்பிய கரும்பாறையை அலை அரைத்து அரைத்து உண்டாக்கிய மணல். அங்கே குறுக்கே ஒரு தடுப்புச் சங்கிலியும், பக்கத்துக் கம்பத்தில் ஒரு விளக்கும் உண்டு. மஞ்சள் எரிந்தால் கவனமாகப் போகலாம். சிவப்பு எரிந்தால் சங்கிலிக்கு அப்பால் ஒரு காலும் வைக்கக் கூடாது. அங்கே அலை சொல்லிவிட்டு வருவதில்லை. சிவப்பு விளக்கை மீறிவிட்டு அதை ஒத்துக்கொள்ளாதவன் வழிகாட்டி ஆகவே முடியாது என்பது வாரியத்தின் விதி.

காலையில் மஞ்சள் எரிந்தது. 11.15-க்குச் சிவப்பு. எல்லோரும் மேட்டில் இருக்கும் சோல்வெய்கின் பண்ணை வீட்டுக்கு ஆட்டுக்கறி சூப் குடிக்க ஏறினோம். 12.50-க்கு சோல்வெய்க் கத்திக்கொண்டே உள்ளே வந்தாள். சங்கிலிக்கு அப்பால், பாறைப் படிவரைக்கும் ஒருவர் போய்த் திரும்பிய காலடித் தடம். காலையில் நாங்கள் பதித்த தடங்களை அலை முழுக்க வழித்துவிட்டிருந்தது; இது புதுசு, நடுவில் பாதியை மட்டும் தின்றிருந்தது. மிச்சத் தடங்களில் இடது குதிகாலில் அச்சடித்தாற்போல் ஒரு வட்டம்.

டனூட்டாவின் சிவப்பு ரப்பர் பூட்ஸில், இடது குதிகாலில், சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டிய வட்ட ஒட்டு இருந்தது.

போலந்திலிருந்து வந்து எட்டு வருடமாக விடுதியில் படுக்கை விரிக்கிறாள் டனூட்டா. இனி வருகிறவர்களுக்கு மெத்தையைக் காட்டுவதில்லை, மலையைத்தான் காட்டுவேன் என்பது அவள் பிடிவாதம். இரண்டு குளிர்காலம், விடுதி வேலை முடிந்து ஈரக் கையோடு வகுப்புக்கு வந்தவள். அவளுக்கு எதிராக அந்த வட்டத்தைவிட மோசமான ஒரு சாட்சி வேறு இருந்தது.

அது நான்.

"கோலி, அந்த வரியை இன்னொரு தடவை படி," என்றார் டெய்டூர். கோல்பெய்ன் என்ற என் பெயரை எல்லோரும் அப்படித்தான் சுருக்குவார்கள்.

படித்தேன். "'12.25. டனூட்டா வெளியிலிருந்து வருகிறாள்.'"

டனூட்டா என் பக்கம் திரும்பினாள். "நான் அப்ப மாடி அறையில இருந்தேன். சுவத்தைப் பாத்து பரீட்சைப் பேச்சை ஒப்பிச்சுக்கிட்டிருந்தேன். நீ என்னை வெளியில பாத்தியா?"

"பாத்தேன். அதாவது…"

"பாத்தியா, இல்லையா?"

எது நடந்தாலும் நேரம் போட்டு எழுதுவது என் பழக்கம். எழுதிய பிறகு சரிதானா என்று மூன்று முறை சந்தேகப்படுவதும் என் பழக்கம். இந்த வரியை மட்டும் ஏனோ சந்தேகப்படவில்லை.

"அந்த 'அதாவது' எனக்கு வேணும்," என்றது ஒரு குரல்.

ஸ்டெய்ன்வோர். கடைசிப் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, முறுக்கிப் பொரித்த இனிப்புப் பலகாரத்தைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துப்பறிவாளர். தானாக எரிந்த கார், தானாக மூழ்கிய படகு என்று பன்னிரண்டு வருடம் மனிதர்களின் பொய்யைக் கேட்டு அலுத்து, இனி பாறைகளோடு பேசலாம் என்று இந்த வகுப்பில் சேர்ந்தவள். அவளிடம் நான் உதவியாளன். ஃபைல் அடுக்குவது, காப்பி போடுவது, வாயை மூட முடியாமல் எதையாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை.

"பஸ் எத்தனை மணிக்கு டெய்டூர்?"

"ரெண்டுக்கு."

"நாப்பது நிமிஷம் குடுங்க."

"எதுக்கு?"

"சூப் செரிக்க."

*

வாசல் நடையில் எங்கள் ஏழு ஜோடிக் காலணிகள் பிளாஸ்டிக் தட்டில் நின்றன. வீட்டுக்குள் யாரும் காலணியோடு போவதில்லை. எங்கள் ஊரில் திருடன்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் திருடுவான் என்று ஸ்டெய்ன்வோரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

கதவுக்கு மிக அருகில் சிவப்பு பூட்ஸ். மூக்கு சுவரைப் பார்த்து நின்றது.

"இது என் கை வச்சது இல்ல," என்றாள் டனூட்டா பின்னாலிருந்து. "என் பூட்ஸ் எப்பவும் வாசலைப் பாத்துத்தான் நிக்கும். ஒரு நாளைக்குப் பதினெட்டு ரூம். குனிஞ்சு திருப்பிப் போட எனக்கு நேரம் கிடையாது."

"உங்க வாய் வார்த்தைதான் அதுக்குச் சாட்சி," என்றாள் ஸ்டெய்ன்வோர். இடது பூட்ஸுக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது விரல்களில் ஈரமும் கருமணலும். வலதுக்குள் விட்டாள். வறட்டு ரப்பர் தூசி.

"இடது ஒழுகும்," என்றாள் டனூட்டா. "ஒட்டுப் போட்டும் நிக்கலை. அதனால இதைச் சுத்திக்கிட்டுத்தான் காலை விடுவேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ரொட்டிப் பையை எடுத்துக் காட்டினாள். உள்ளே ரொட்டித் துகள். வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. "காலையில அலைப் பக்கமே போகலை. நனையறதுக்கு வழியில்ல."

"அப்ப 12.25-க்கு இந்தப் பூட்ஸைப் போட்டவங்களுக்கு ஒழுகற சங்கதி தெரியாது. இடது கால் மட்டும் நனைஞ்சிருக்கு," என்றாள் ஸ்டெய்ன்வோர்.

"எதுக்கு இவங்க பூட்ஸைத் திருடணும்? மாட்டி விடவா?" என்றேன்.

"நீ வீட்ல குப்பை கொட்டப் போனா எதை மாட்டிக்கிட்டுப் போவே?"

"வாசல்ல எது கிடக்கோ அதை. போன வாரம் எங்க அக்காவோட ஹை ஹீல்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பாத்தா குட் மார்னிங் சொல்றதில்லை."

"அவ்வளவுதான். யாரும் திட்டம் போடலை. கதவுப் பக்கம் கிடந்தது, கயிறு கட்ட வேண்டாம், மாட்டிக்கிட்டு ஓடியாச்சு. நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றதுதான். அதுவரைக்கும் தப்பில்ல." அவள் எழுந்தாள். "தடம் யாரைக் காட்டுதுன்னு தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்காம உக்காந்திருக்கு பாரு, அதுதான் குற்றம்."

"எனக்கு அந்த ஆளு வேணும்," என்றாள் டனூட்டா. "அழுது காட்டினா விட்டுருவாங்கன்னு பிர்னா சொன்னா. நான் அழ மாட்டேன்."

*

சாப்பாட்டு அறை பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. ஸ்டெய்ன்வோர் என்னைப் பழைய இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனாள். ஒரு நிமிடத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முற்றத்துச் சரளையில் சிவப்பு பூட்ஸ் நடந்து போயிற்று. தட்டியது. நின்றது.

உள்ளே வந்தவள் கேட்டாள், "இப்ப யார் போனது?"

"நீங்க."

"எப்படித் தெரியும்?"

"போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

"சொல்லாம போயிருந்தா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அதில் முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. என் காது சுட்டது.

"டனூட்டான்னு எழுதியிருப்பேன்," என்றேன். "நான் பாத்தது பூட்ஸ். எழுதினது ஆளை."

பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த டெய்டூர் செருமினார்.

"கோலி, சாட்சியை அடிக்கிறது நல்ல பழக்கமில்ல. உன் செய்முறை மார்க்கை நான் இன்னும் போடலை."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வரலாற்றுத் தாளில் நான் தேறுவதே சந்தேகம். செய்முறை மார்க்கை நம்பித்தான் இருந்தேன். ஆனால் டனூட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கோடு போட்டேன், முதல் கோட்டைவிடக் கனமாக.

"பேனா வேணுமா டெய்டூர்? மார்க் போட?"

*

அடுத்தது குளியலறை. ஸ்டெய்ன்வோர் என்னை உள்ளே இழுத்தாள். வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸ் ஒன்று தொங்கியது.

"நனைஞ்சதை ரேடியேட்டர்ல போடறதுக்கு நமக்கு மூளை வேணாம், கையே போட்டுடும்," என்றாள். "என்ன தெரியுது?"

"ஒரு சாக்ஸ்."

"அதேதான். ஒண்ணே ஒண்ணு. மழையில நனைஞ்சா ரெண்டு நனையும்."

"அப்ப ஒத்தைக் கால் ஆசாமியைத் தேடலாம். அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபம்."

அவள் சிரிக்கவில்லை. சாக்ஸைத் திருப்பி உதறினாள். விரல் பகுதியிலிருந்து வெள்ளைத் தரைமேல் கருமணல் கொட்டியது.

கொட்டி என்ன பயன்? டெய்டூரையும் சேர்த்து எங்கள் ஏழு பேருக்கும் அதே சாம்பல் நிறம், அதே வெள்ளைப் பட்டை. 'மாற்றுச் சாக்ஸ் இல்லாதவன் வழிகாட்டி இல்லை' என்பது டெய்டூரின் முதல் பாடம். முதல் வகுப்பிலேயே எல்லோரும் ஒரே கடையில் ஒரே குவியலில் ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கினோம். ஈரமானதைக் கழற்றிவிட்டு பையிலிருந்து ஒன்றை மாட்டினால் தீர்ந்தது.

"12.00-லிருந்து 12.50 வரைக்கும் யார் யார் எங்கே?"

நோட்டைப் பார்த்தேன். "பிர்னாவும் லோவாவும் சமையலறையில ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தாங்க, சோல்வெய்கோட. நீங்களும் நானும் சாப்பாட்டு ரூம். டெய்டூர் மேல ஓய்வு எடுக்கப் போறேன்னார். இங்கிமார் வெளியே போனான். எங்கேன்னு கேட்டேன். உனக்கென்னன்னான்."

இங்கிமார் எங்கள் வகுப்பின் படப் பைத்தியம். ஒரு நல்ல அலைப் படத்துக்காகச் சொந்தப் பாட்டியைக்கூடக் கரையில் நிறுத்துவான். எனக்கு அப்போதே நெஞ்சில் மணி அடித்தது.

அவனை நடையில் மடக்கினோம்.

"எங்கே போயிருந்தே?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

"நீங்க போலீஸா?"

"இல்ல. போலீஸ்னா மரியாதையா கேப்பாங்க."

அவன் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினான். "ஆட்டுக் கொட்டகையில. பாங்சியோட. என் காதலி காலையில மெசேஜ்ல 'போதும்'னு அனுப்பிட்டா. நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். எழுதிக்கோ கோலி, நேரம் போட்டு எழுதிக்கோ!"

எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. மார்பு, முழங்கால், இரண்டு சாக்ஸ் என்று அவன்மேல் பண்ணை நாய் பாங்சியின் வெள்ளை முடி பஞ்சுபோல் அப்பியிருந்தது. என் சந்தேகம் இந்த முறையும் தவறான ஆள்மேல். எனக்குள் நானே சுருங்கினேன்.

ஸ்டெய்ன்வோர் சுருங்கவில்லை. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"கோலி, பாங்சி எப்ப வெளியே போச்சு?"

புரட்டினேன். "11.30, சூப். நாய் மேசைக்கடியில எல்லார் கால் மேலயும் புரளுது. லோவா தும்முறா. 12.00, சோல்வெய்க் நாயைக் கொட்டகைக்குக் கூட்டிப் போறா."

"திரும்ப உள்ளே வந்துச்சா?"

"இல்லை."

அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பல்லே ஆடியது. "இந்த நோட்டுக்கு ஒரு சம்பளம் போடணும்டா. உனக்கு இல்ல, நோட்டுக்கு."

*

மணி 1.41. எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். டெய்டூர் அந்தக் காகிதத்தை மறுபடி டனூட்டாவின் பக்கம் நகர்த்தியிருந்தார்.

"ஒரு விளையாட்டு," என்றாள் ஸ்டெய்ன்வோர். "எல்லாரும் காலைத் தூக்கி பெஞ்சுமேல வைங்க."

"இது வகுப்பா, சர்க்கஸா?" என்றார் டெய்டூர்.

"டிக்கெட் கேக்கலையே. வைங்க."

பிர்னா வைத்தாள், இரண்டு காலிலும் வெள்ளை முடி. லோவா வைத்தாள், இரண்டிலும் முடி, உடனே தும்மினாள். எனக்கும் ஸ்டெய்ன்வோருக்கும் இரண்டிலும். இங்கிமாருக்கு முடியில் சாக்ஸே தெரியவில்லை. டனூட்டா இரண்டு கால்களையும் டக்கென்று பெஞ்சில் போட்டாள். இரண்டிலும் முடி.

"பாங்சி மதியம் பன்னெண்டு வரைக்கும் இந்த மேசைக்கடியில இருந்துச்சு," என்றாள் ஸ்டெய்ன்வோர். "நம்ம எல்லார் காலுக்கும் முத்திரை குத்திட்டுப் போச்சு. அதுக்கப்புறம் சாக்ஸ் மாத்தினவங்க கால்ல முத்திரை இருக்காது. டெய்டூர், உங்க கால்?"

"நான் வாத்தியார்."

"வாத்தியாருக்குக் கால் இல்லையா?"

அவர் அசையவில்லை. டனூட்டா எழுந்தாள். மேசையின் ஒரு முனையைப் பிடித்து, விடுதிக் கட்டில்களைத் தினமும் இழுக்கும் கையால் ஒரே இழுப்பு. கிண்ணங்கள் கிணுகிணுத்தன. டெய்டூரின் கால்கள் வெட்டவெளிக்கு வந்தன.

வலதில் வெள்ளை முடி. இடது கால் சாக்ஸ் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

பிறகு அவர் சிரித்தார். நிஜமாகவே நன்றாகச் சிரித்தார். "சூப் கொட்டிடுச்சு. ஒண்ணை மாத்தினேன். சூப் கொட்டினா குற்றமா? இவளோட பூட்ஸ், இவளோட தடம். அதுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல."

பிர்னா தலையாட்டினாள். அதுவும் சரிதானே என்பதுபோல் இங்கிமார் உதட்டைப் பிதுக்கினான். எங்கள் கோட்டை கண்ணெதிரே சரிந்தது. ரேடியேட்டர் சாக்ஸில் மணலைப் பார்த்தது நாங்கள் இருவர் மட்டும்தான். ஸ்டெய்ன்வோர் என் நோட்டைப் பார்த்தாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். தவறாக எழுதியிருந்தால்? இன்னொரு தடவை தவறாக எழுதியிருந்தால்?

"10.50," என்று படித்தேன். "'டெய்டூர் பாறைப் படியில் முக்காலி வைத்து கேமராவை நிறுத்துகிறார். தன் இணையப் பக்கத்தில் போட அலைப் படம்.' 11.15. 'விளக்கு சிவப்பு. எல்லோரும் ஓட்டம். டெய்டூர் வலது கையில் கயிறு, இடது கையில் மிதவை வளையம்.'"

"அதனால?" என்றார் டெய்டூர்.

"ரெண்டு கையும் நிறைஞ்சிருந்துச்சு. கேமராவை யாரும் தூக்கலை. நான் எல்லாத்தையும் எழுதுவேன் டெய்டூர். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா கேமரா மேட்டுக்கு வந்த மாதிரி ஒரு வரி இதுல இல்ல. அது அந்தப் பாறைப் படியிலதான் இருந்திருக்கணும்."

தடம் போய்த் திரும்பிய அதே பாறைப் படி.

ஜன்னல் திண்டில் அவருடைய முதுகுப்பை. எல்லோர் கண்ணும் அதன்மேல். முக்காலியின் மூன்று கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மூன்றிலும் ஈரக் கருமணல்.

"அதை மேல கொண்டு வந்தது என் கை இல்ல," என்றாள் சோல்வெய்க் கதவருகிலிருந்து. "இனி உன் கால் என் நிலத்தைத் தொடாது டெய்டூர்."

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். "அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். அலை வந்தா கேமரா போயிடும்… வாசல்ல கிடந்ததை மாட்டிக்கிட்டேன். யாரோடதுன்னுகூடப் பாக்கலை. சத்தியமா."

"திரும்பி வந்து கழட்டும்போது பாத்தீங்க," என்றாள் டனூட்டா. "சோல்வெய்க் வட்டம்னு சொன்னப்ப பாத்தீங்க. என்கிட்ட காகிதத்தை நீட்டினப்பவும் பாத்தீங்க."

அவர் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "சரி. முடிஞ்சுது. நமக்குள்ளேயே இருக்கட்டும். திங்கக்கிழமை நீ எழுது. நான் வாரியத்துக்கு ஏதோ குழப்பம்னு சொல்லிடறேன். எல்லாருக்கும் செய்முறையில முழு மார்க். என்ன?"

எனக்கு அந்த முழு மார்க் எவ்வளவு தேவை என்று எனக்குத்தான் தெரியும்.

"இல்ல," என்றாள் டனூட்டா. "இந்த ரூம்ல, இவங்க எல்லார் முன்னாலயும் என் பேரைச் சொன்னீங்க. இதே ரூம்ல, இவங்க முன்னாலயே உங்க பேரைச் சொல்லுங்க. போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"என் வேலை போயிடும் டனூட்டா."

"என்னோடது போறப்ப நல்லதுக்குத்தான்னு சொன்னீங்க."

ஸ்டெய்ன்வோர் அவருடைய போனை மேசையின் நடுவில் வைத்தாள். பஸ் டிரைவர் வெளியே ஹாரன் அடித்தார். யாரும் எழவில்லை. அவர் எண்ணை அழுத்தினார்.

"வாரியம், ஹூல்டா பேசறேன்."

"ஹூல்டா, டெய்டூர். காலையில… மதியம் ஒரு பேர் சொன்னேன். அது தப்பு. சிவப்பு விளக்குல சங்கிலியைத் தாண்டினது…" டனூட்டா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். "…நான்தான்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. "டனூட்டா அங்கே இருக்காங்களா?"

"இருக்கேன்."

"ரொம்ப வருத்தமா இருக்கு. உங்க பேரை நான் ஏற்கெனவே அடிச்சுட்டேன், திரும்ப எழுதிடறேன். ஆனா இப்படி ஒரு நாளுக்கப்புறம் உடனே பரீட்சைன்னா கஷ்டம். மனசு சரியில்லைன்னா இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"என் மனசு நல்லா இருக்கு. திங்கக்கிழமை ஒன்பது மணி. முதல் ஆளா என்னைக் கூப்பிடுங்க."

"சரி, சரி." பேனா எடுக்கும் சத்தம். "வாய்மொழித் தேர்வுக்கு ஒரு இடம் சொல்லணுமே. எந்த இடத்தைப் பத்திப் பேசப் போறீங்க?"

டனூட்டா ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து கடல் தெரியாது; இரைச்சல் மட்டும் கேட்டது.

"ராப்னவீக். சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்னு எப்படிப் பாக்கணும்னு."